அடுத்த ஷிஃப்டுக்கு ஆள்

ரிலீவ் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஒரே அர்த்தம்தான்: அமானுல்லா பாய் வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் ஆலையில் கன்ட்ரோல் ரூம் ஷிஃப்டு பார்த்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்து இந்தக் கடற்கரையில் குடிவைத்தார். வந்த முதல் மாசம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மீன் வண்டிக்காரன் எப்போது வருவான், பால் எங்கே கிடைக்கும் என்பதை அல்ல. இந்தச் சொல்லைத்தான். ஷிஃப்டு நேரம் முடிந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அடுத்த ஆள் வர வேண்டும். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று இவர் சொல்ல வேண்டும். வந்தவர் அதை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் "நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்று அவர் சொன்னால்தான் இவர் எழுந்திருக்கலாம். வீடு பற்றி எரிந்தாலும் அதற்கு முன்னால் எழுந்திருக்கக் கூடாது.

வீடு பற்றி எரியவில்லை. எனக்கு வலி எடுத்தது. பெரியவள் ஹரிப்ரியா பிறந்த அன்றைக்கு ஊரே மழையில் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து ஆலைக்குப் பேசினேன். "ரிலீவர் வரலை, ஜெகதா" என்றார். அவ்வளவுதான். 'பயப்படாதே' என்றுகூடச் சொல்லவில்லை மனுஷன். அடுத்த ஷிஃப்டு ஆட்களை ஏற்றி வந்த பஸ் வழியில் தண்ணீரில் நின்றுவிட்டதாம். நான் பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை பிறந்து, துடைத்து, துணியில் சுற்றி வைத்த பிறகு, முழங்கால்வரை சேறோடு வந்து நின்றார்.

மறுநாள் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார் அந்த லேட்டான ரிலீவர். புதுப்பட்டினம் அமானுல்லா. "மன்னிச்சுக்கங்க சிஸ்டர். பஸ்ஸு பட்த்துகிச்சு. நா இன்னா பண்றது சொல்லுங்க" என்று கையைப் பிசைந்தார். அவரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். என் வீட்டுக்காரரைத்தான் இத்தனை வருஷமாக மன்னிக்க முடியவில்லை.

இப்போது அவருக்கு மறதி நோய். ரிட்டயர் ஆகி, சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டிக் குடிவந்து, காலாற நடந்து பேசிக்கொண்டிருந்த மனுஷன்தான். முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை மறந்தார், பிறகு என்னை மறந்தார். எதை மறக்க வேண்டுமோ அதை மட்டும் மறக்கவில்லை. விடிந்தால் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் மூலைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இன்வெர்ட்டரில் பச்சையும் சிவப்புமாக நாலு விளக்கு. அதுதான் அவருக்குக் கன்ட்ரோல் ரூம். ஷிஃப்டில் இருக்கிறாராம்.

பகலில் பரவாயில்லை, தட்டைக் கையில் கொடுத்தால் அங்கேயே சாப்பிட்டுவிடுவார். சாயங்காலமானால்தான் வம்பு. எழுந்திருக்க மாட்டார். பாத்ரூமுக்குப் போக மாட்டார், படுக்க மாட்டார். "ரிலீவர் வரலை" என்பார். கையைப் பிடித்து இழுத்தால் முழங்கையால் இடிப்பார். உட்கார்ந்தபடியே நனைத்துவிட்டு, அதைக்கூடச் சட்டை பண்ணாமல் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பார். காலெல்லாம் வீங்கிப் போயிற்று. நான் கெஞ்சினேன், அழுதேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

அப்படி ஒரு சாயங்காலம் அமானுல்லா பாய் பக்ரீத் பிரியாணியோடு வந்தார். அவரும் ரிட்டயர் ஆகிவிட்டவர்தான். உள்ளே நுழைந்தவர் இவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தார். பாத்திரத்தை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நாற்காலியண்டை போய் நின்று, "சார், எப்டி கீது? எல்லாம் நார்மலா?" என்றார்.

இவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "வா அமான். மோட்டர் நிறுத்தியிருக்கு. டேங்க் முக்கால். மூணாவது லைட் எரியலை, சொல்லியிருக்கேன். வாசக் கதவு சாத்தியிருக்கு."

"மோட்டர் நிறுத்தி கீது. டேங்க் முக்கால். மூணாவது லைட்டு எரியல, சொல்லி கீது. வாசக் கதவு சாத்தி கீது. நா பாத்துக்கறேன் சார், நீங்க கெளம்புங்க."

என் வீட்டுக்காரர் எழுந்தார். நேராகப் பாத்ரூமுக்குப் போனார். வந்து சாப்பிட்டார். படுத்துத் தூங்கினார். நான் பிரியாணிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதேன்.

மறுநாள் நானே சொல்லிப் பார்த்தேன். அமானுல்லா பாய் சொன்னதை அப்படியே. இவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரும்மா? உங்க பேரு ஷிஃப்டு ரோஸ்டர்ல இல்லையே" என்றார். அடப்பாவி மனுஷா! உன் வீட்டில் உலை வைத்து, உன் பிள்ளைகளைப் பெற்று, உன் நைட் ஷிஃப்டுக்கெல்லாம் டிபன் கேரியர் கட்டிக் கொடுத்தவள் பேர் உன் ரோஸ்டரில் இல்லையா? ஆத்திரத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார், அமானுல்லா பாய் வந்த பிறகு.

அன்றிலிருந்து தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடித்து, டி.வி.எஸ். வண்டியில் பாய் வந்துவிடுவார். மழையானாலும் வெயிலானாலும். நோன்பு மாசத்தில்கூட, நோன்பு திறக்கிற நேரத்துக்குள் வந்து ரிலீவ் பண்ணிவிட்டு ஓடுவார். "அன்னிக்கு ஒரு நாளு லேட்டா வந்தேன்ல சிஸ்டர், அதுக்கு வட்டி கட்டிக்கினு கீறேன்" என்று சிரிப்பார். சொந்தத் தம்பி இருந்தால்கூட இப்படிச் செய்வானா, சொல்லுங்கள்.

இந்த நிலையில்தான் எனக்கு மார்பில் கட்டி வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, "எடுத்துடணும்மா" என்றார். ஒரு தடவை தேதி கொடுத்தார். இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தள்ளிப் போட்டேன். இரண்டாம் தடவை போனபோது அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வளர்ந்திருக்கு. இனிமே நீங்க தள்ளிப் போட்டா நான் பொறுப்பில்லை" என்றார்.

அமானுல்லா பாயிடம் சொன்னேன். "நீங்க போய்ட்டு வாங்க சிஸ்டர். எத்தினி நாளானாலும் நா இங்கயே பட்த்துக்கினு கீறேன். சாரை நா பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு மூச்சே வந்தது.

நம் ராசிதான் தெரிந்த ராசி ஆயிற்றே. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாய் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் எடை கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் மனைவி சம்சாத் பேகம் எனக்கு ஃபோன் போட்டாள். "அக்கா, வலில துடிச்சிக்கினு கீறாரு. ஆனா சாருக்கு ரிலீவ் குடுக்கணும், ஃபோனை அவராண்ட குடுன்னு அடம் புடிக்கிறாரு" என்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டு இவர் பக்கத்தில் பிடித்தேன். பாய் அந்த வலியிலும் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். கடைசியில் "நா பாத்துக்கறேன் சார்" என்றார்.

என் வீட்டுக்காரர் ஃபோனை முறைத்தார். "ஃபோன்ல ஷிஃப்டு சார்ஜ் எடுக்கறதா? எவன் சொன்னான்? நேர்ல வரச் சொல்லு."

ஏஜென்சியில் சொல்லி ஓர் ஆளைப் போட்டேன். ஜெபகுமார் என்று பெயர், வாட்டசாட்டமான ஆள். இவரை அலாக்காகத் தூக்கிப் படுக்கையில் போட்டான். இவர் அவன் கையைக் கடித்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார். காலையில் ஜெபகுமார் பையை மாட்டிக்கொண்டு, "நம்மளால ஆவாதும்மா. பேஜாரு புடிச்ச கேஸு" என்று போயே போய்விட்டான். கோவளம் பக்கம் ஒரு முதியோர் காப்பகத்தில் விசாரித்தேன். எழுந்திருக்காவிட்டால் ஊசி போட்டுப் படுக்க வைப்போம் என்றார்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

மிச்சம் இருந்தது நான் பெற்றவை இரண்டு.

பையன் ஹரிகிருஷ்ணன் மருமகள் சிநேகாவோடு நாவலூரில் இருக்கிறான், ஐ.டி. வேலை. வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். அந்த வாரம்தான் பழைய கம்பெனியை விட்டிருந்தான். 'ஒருவழியா ரிலீவ் ஆயிட்டேன்' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் கம்பெனி கொடுத்த கடிதத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தான், பக்கத்தில் பட்டாசு வெடிக்கிற பொம்மையோடு. பொறுப்புகளை முறையாக ஒப்படைத்துவிட்டதால் இவரை விடுவிக்கிறோம் என்று அதில் இருந்தது. புதுக் கம்பெனியில் சேர நடுவில் நாள் இருக்கிறது. கடவுளே கொடுத்த நாள் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"அம்மா, அந்த கேப்ல நானும் சிநேகாவும் பாலி போறோம்மா. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டாச்சு. எத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஒரு பிரேக் தெரியுமா? ஆபீஸ்ல பிழிஞ்சு எடுத்துட்டாங்க."

"எனக்குக் கட்டிடா."

"தெரியும்மா. பயப்படாதீங்க, இப்பல்லாம் இது சாதாரணம். நீங்க ஸ்ட்ராங். பத்து நாள் தள்ளிப் போட முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க. இல்ல, வேற அட்டெண்டர் பாக்கலாம். நான் கிளம்பறதுக்கு முன்னாடி வந்து அப்பாகிட்ட பேசி செட் பண்ணிடறேன், போதுமா?"

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஹரிப்ரியா கனடாவில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். வீடியோவில் வந்தாள். அப்பா ரிலீவர் ரிலீவர் என்று அடம்பிடிக்கிற கதையைச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

"ம்மா, அது எவ்ளோ அழகான வார்த்தை தெரியுமா? லத்தீன்லேருந்து பிரெஞ்சுக்கு வந்து, அங்கேருந்து இங்கிலீஷுக்கு வந்தது. லத்தீன்ல அதுக்குத் தூக்குறதுன்னு அர்த்தம். கீழே அமுங்கிக் கிடக்கறதைத் தூக்கி லேசாக்கறது. எதிரி கோட்டையைச் சுத்தி வளைச்சுக்கிட்டா வெளியிலேருந்து படை வந்து மீட்கறதுக்கும் அதே வார்த்தைதான். வலி குறையறதுக்கும், வெள்ளம் வந்தா நிவாரணம் குடுக்கறதுக்கும்கூட அதுதான். எல்லாத்துக்கும் வேர் ஒண்ணு, பாரத்தைத் தூக்கறது."

"அப்ப வந்து தூக்குடி" என்றேன்.

"ம்மா..."

"இல்ல, கேக்கறேன். இத்தனை தெரிஞ்சு வெச்சிருக்கியே. இங்க ஒருத்தி அமுங்கிக் கிடக்கேன். வந்து தூக்கேன்."

"செமஸ்டர் நடுவுலம்மா. எப்படிம்மா வர முடியும்? ஹரி பக்கத்துல இருக்கானே."

"நம்ம ஊர்லயும் டச்சுக்காரன் கோட்டை ஒண்ணு இருக்கு, மறந்துட்டியா? அவனுக்கும் ஒரு படையும் வந்திருக்காது போல. இடிஞ்சு கிடக்கு" என்று ஃபோனை வைத்தேன். அவள் அழுதிருப்பாள். அழட்டும்.

அமானுல்லா பாய் விழுந்த நாளிலிருந்து நான் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்காதீர்கள். நாற்காலியிலேயே ரப்பர் ஷீட்டைப் போட்டு, உட்கார்ந்தபடியே துணி மாற்றி, அசந்து தூங்கிச் சரிகிற நேரம் பார்த்துத் தலையணையை முட்டுக் கொடுத்தேன். வீங்கிய காலை என் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் கட்டி இருக்கும் பக்கம் சுரீர் என்றது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹரிகிருஷ்ணன் வந்தான். டாக்ஸி வாசலில் நின்றது, பின்னால் பெட்டிகள். சிநேகா இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிக் கையை மட்டும் ஆட்டினாள். நான் செங்கல்பட்டுக்குக் கட்டி வைத்திருந்த பை கதவோரத்தில் இருந்தது. காலையில் வெறும் வயிற்றோடு போய்ச் சேர வேண்டும். என் பையைத் தாண்டிக்கொண்டுதான் அவன் உள்ளே வந்தான்.

"சொல்லுங்கம்மா, நான் என்ன சொல்லணும்?"

"அவர் சொல்றதைக் கேளு. ஒண்ணுவிடாம திருப்பிச் சொல்லு. அப்புறம் நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்கன்னு சொல்லு. அவர் ஒத்துக்கிட்டா நீ இருந்துடுடா ஹரி. கெஞ்சிக் கேக்கறேன், பாலி எங்கயும் ஓடிப் போகாது."

அவன் அப்பா பக்கத்தில் போய் நின்றான். "அப்பா, எல்லாம் நார்மலா?"

இவர் பையனைப் பார்த்தார். புது ஆள் என்றாலும் ஆள் வந்துவிட்டானே என்று முகம் மலர்ந்தது. "வாப்பா. மோட்டர் ஓடிட்டிருக்கு. டேங்க் அரைதான். மூணாவது லைட் எரியலை. பின் கதவு தாழ் சரியில்லை. அப்புறம், உள்ள ஒரு அம்மா இருக்காங்க. கொஞ்ச நாளா அழுதுட்டே இருக்காங்க. என்னன்னு தெரியலை. அவங்களைக் கவனிச்சுக்கணும்."

சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேர் தெரியாது, உறவு தெரியாது. ஆனால் அந்த விளக்குகளைப் பார்க்கிற மாதிரியே என்னையும் இந்த மனுஷன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். ஹரிகிருஷ்ணன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். "ஓகேப்பா, ஓகே. எல்லாம் நோட்டட். நான் பாத்துக்கறேன், கிளம்புங்க."

"திருப்பிச் சொல்லு."

"அதான்ப்பா, மோட்டர்... டேங்க் எல்லாம் ஓகே."

"டேங்க் என்ன?"

"அம்மா, என்னம்மா சொன்னாரு?"

எனக்கு வந்ததே கோபம். "மோட்டர் ஓடிட்டிருக்கு! டேங்க் அரை! மூணாவது லைட் எரியலை! பின் கதவு தாழ் சரியில்லை! உள்ள ஒரு அம்மா இருக்காங்க, கொஞ்ச நாளா அழறாங்க, கவனிச்சுக்கணும்! இதைச் சொல்லத் தெரியாதா உனக்கு? காது என்ன வாடகைக்கா விட்டிருக்கே?" என்று கத்தினேன். பையனுக்கு எடுத்துக்கொடுக்கத்தான் கத்தினேன். சத்தியமாக வேறு எதற்கும் இல்லை.

என் வீட்டுக்காரர் பையனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க சரியாச் சொல்றாங்களே" என்றார். "உங்க பேரு என்னம்மா?"

"ஜெகதாம்பாள்."

யோசித்தார். "ஆமா. ரோஸ்டர்ல பாத்திருக்கேன். இருக்கு, இருக்கு." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். இத்தனை நாள் வீங்கிக் கிடந்த கால் தள்ளாடியது. "உக்காருங்க. சார்ஜ் உங்ககிட்ட."

நான் நகரவில்லை. "ஹரி, நீ உக்காருடா" என்றேன்.

"அட, சூப்பர்மா!" என்று பையன் கையைத் தட்டினான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீங்களா? அப்பா உங்களை ஒத்துக்கிட்டாரு! இனிமே அமானுல்லா அங்கிள்கூடத் தேவையில்லை. நீங்களே போதும். நான் வந்ததுக்கு ஒரு பிரயோஜனம் ஆச்சு." என் தோளைத் தொட்டான். "ஆபரேஷனை மட்டும் பத்து நாள் தள்ளச் சொல்லுங்கம்மா. வந்ததும் நேரா இங்கதான். பிராமிஸ்."

"டாக்டர் பொறுப்பில்லைன்னு சொல்லிட்டாங்கடா."

"எல்லா டாக்டரும் அப்படித்தாம்மா பயமுறுத்துவாங்க." குனிந்து அப்பா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என் பையைத் தாண்டிக்கொண்டு போனான். டாக்ஸி திரும்பி ஈ.சி.ஆர். பக்கம் போகிற சத்தம் கேட்டது.

நாற்காலி காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் நின்றபடி எனக்காகக் காத்திருந்தார். நான் உட்காராமல் அவர் நகர மாட்டார் என்று தெரியும். பாத்ரூமுக்கு அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்பதும் தெரிந்தது, காலை மாற்றி மாற்றி வைத்தார். போய் உட்கார்ந்தேன். ரப்பர் ஷீட் சில்லென்று இருந்தது. எதிரே இன்வெர்ட்டரில் மூணாவது விளக்கு நிஜமாகவே எரியவில்லை.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். "நீங்க கிளம்புங்க."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு அடி போனவர் திரும்பினார். புதிதாக வேலைக்கு வந்தவளுக்குச் சொல்கிற மாதிரி, பொறுமையாக, அன்பாகச் சொன்னார். "உங்க ரிலீவர் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்கம்மா. எது வந்தாலும் சரி."

பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு கட்டில் முனகியது. பல நாள் கழித்து அவர் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார்.

செல்ஃபோன் அடித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பெண். "ஜெகதாம்பாள் அம்மாங்களா? காலைல ஃபர்ஸ்ட் கேஸே நீங்கதான். எதுவும் சாப்ட்டுடாதீங்க. கரெக்டா வந்துடுவீங்க இல்ல?"

நான் கதவோரத்துப் பையைப் பார்த்தேன்.

"ரிலீவர் வரலைம்மா" என்றேன்.